பன்னிரண்டு மணி வரை திறந்திருந்த மண்டபம்

இத்தாலியில் அறுநூறு வருடத்துப் பழைய நகர மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் கோபுரத்து உச்சிவரை ஏறி, ஊர் முழுவதையும் காலடியில் பார்த்தவன் நான். இலங்கையில் வட்டவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேறு எவனுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

எனக்கும் இல்லை. ஒரு படிகூட ஏறவில்லை. கீழே வெறுங்காலோடு நின்று அண்ணாந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

போனதும் சுற்றிப் பார்க்க அல்ல. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பிராவில், அடுத்த அறையில், பிறந்த என் கூட்டாளி, என்னைப் போலவே அங்கே ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன், நெஞ்சுவலியில் செத்துப்போனான். சவப்பெட்டியை ஊருக்கு அனுப்ப நகரசபையின் கடிதம் வேண்டும். அந்த ஆபீஸ் இன்றும் அந்தப் பழைய மண்டபத்துக்குள்தான் நடக்கிறது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கடிதம் கிடைத்தால் அன்று மாலையே பெட்டி விமானம் ஏறும். லயத்தில் அவனுடைய அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், மகன் முகத்தைப் பார்க்கக் காத்திருந்தார்.

பத்து மணிக்கே போய்விட்டேன். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே சுவர் முழுக்கச் சித்திரம். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வைத்த சாமிகளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டேன். ஒரு சுவரில் பெண்கள் முதுகில் கூடையோடு வரிசையாகப் போனார்கள். பக்கத்தில் குதிரைமேல் தொப்பி போட்ட ஒருவன். கூடையில் இருந்தது திராட்சையாம். எனக்குக் கொழுந்தாகத்தான் தெரிந்தது. நம்ம ஆட்களை அன்றைக்கே வரைந்துவிட்டான்களே, துரையைக்கூட விடவில்லையே என்று சிரித்தேன். கூட்டாளி பெட்டிக்குள் கிடக்கும்போது சிரித்த ஜென்மம் நான்.

அப்புறம்தான் என் புத்தி வேலை செய்தது. எங்கள் தோட்டத்து ஆபீஸுக்குள் தொழிலாளி கால் வைப்பதில்லை. வெளியே ஜன்னலடியில் நிற்க வேண்டும். கிளாக்கர் ஐயா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அப்பா அப்படித்தான் நின்றார், நானும் அப்படித்தான் நின்று பழகியவன். ஆகவே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஜன்னலுக்குக் கீழே நின்றேன். உள்ளே இருந்த பெண் ஒருமுறை என்னைப் பார்த்தாள். கூப்பிடப்போகிறாள் என்று இன்னும் கொஞ்சம் குனிந்து நின்றேன். என்னைத் தாண்டிப் பலபேர் உள்ளே போய்க் காகிதத்தோடு திரும்பினார்கள். வெள்ளைக்காரர்கள், போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோபுரத்து மணி அடித்தது. பன்னிரண்டுவரை எண்ணினேன். வாயைப் பிளந்து ரசித்துக்கொண்டிருக்கும்போதே காவலாளி கதவைப் பூட்டிவிட்டான். ஓடிப்போய்க் கேட்டால், செவ்வாய்க்கிழமை வா என்றான். திங்கள் ஏதோ திருநாள்.

பெட்டி விமானம் ஏறவில்லை. மறுபடி ஏற்பாடு செய்யப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. அங்கேயே புதைத்தோம்.

லீவில் ஊருக்கு வந்து அத்தை முன்னால் நின்றபோது என் வாய் சொன்னது இதுதான்: "நான் போனப்பவே ஆபீசு பூட்டியிருந்துச்சு அத்தே."

அவர் ரொட்டி வைத்தார். தின்றேன். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தைப் பற்றி அவர் கேட்கும்போதெல்லாம் கோபுரம் ஏறிய கதையைச் சொல்லித் தப்பித்து வருகிறேன்.

அவன் செத்து இன்றோடு ஒரு வருடம்; லீவு முடியாமல் நான் இன்னும் லயத்தில்தான் இருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முதலில் இந்தத் தாளில் எழுதிப் பார்க்கிறேன். அத்தையிடம் எப்படி ஆரம்பிப்பது என்றால், முதலில்...

வாசலில் அத்தை நிற்கிறார். "தம்பி, நானுஓயாவுலருந்து சொந்தக்காரங்க வந்திருக்காங்க. பட்டப்பகல்ல எந்த ஆபீசு பூட்டியிருக்கும்னு கேக்குறாங்க. நீயே வந்து சொல்லுப்பா."