கத்தரிக்கோலுக்கு எழுதிய விதிகள்

பகலில் அவள் ஒரு பம்பு கம்பெனியில் கணக்கர். மீதி நேரத்தில், சிறிய மருத்துவமனைகள் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கப் பயன்படுத்தும் ஓர் இலவச மென்பொருளுக்கு உழைத்தாள். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் மட்டும் ஒருவர். வருவதையெல்லாம் வெட்டுவதால் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர்.

அவள் அனுப்பிய முதல் திருத்தத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி அவர் திருப்பி அனுப்பினார். "இது நிரலா, சமையல் குறிப்பா?" என்று கீழே எழுதியிருந்தார். அடுத்த வாரமே அதே திருத்தம், இரண்டு வரி இடம் மாறி, அவர் பெயரில் உள்ளே போயிருந்தது.

"விட்டுத் தள்ளு. அவங்க என்ன சோறா போடறாங்க?" என்றான் கணவன்.

"விடறதா? அந்த ஆளு ஒரு நாள் என்கிட்ட வந்து நிக்கணும்."

அவள் விலகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, யாரும் தொடாத பிழைகளாகப் பார்த்துத் தீர்த்தாள். சில ஆண்டுகளில் கத்தரிக்கோல் வேறு வேலை வந்து ஒதுங்கியபோது, மற்றவர்கள் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். முதல் வேலையாகப் பங்களிப்பு விதிகளை எழுதினாள். ஒரு திருத்தத்தில் ஒரு வேலைதான். சோதித்துப் பார்த்த சான்று கூடவே வர வேண்டும். ஏன் மாற்றினோம் என்று விளக்க வேண்டும். அடுத்தவர் உழைப்பை எடுத்தால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். எவ்வளவு நியாயம் என்று எல்லோரும் மெச்சினார்கள். யாரை மனதில் வைத்து எழுதினாள் என்பது கணவனுக்கு மட்டும் தெரியும்.

கத்தரிக்கோல் ஒரு திருத்தத்தோடு திரும்பி வந்தார். அன்று அவளுக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது. இரண்டு வேலையைக் கலந்திருப்பதாகத் திருப்பி அனுப்பினாள். பிரித்து அனுப்பினார், சான்று இல்லை என்றாள். சான்றோடு வந்தார், விளக்கம் போதாது என்றாள். எப்போதாவது தலைகாட்டும் பிழைதானே, காத்திருக்கட்டும்.

அவர் போனில் அழைத்தார். "என்னம்மா, பழசை மனசுல வச்சிருக்கியா?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாங்க."

அந்த வாரம் நாத்தனார் அழைத்தாள். ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை அவளுக்கு.

"அண்ணி, உங்க மென்பொருள் ஒரே நேரத்தை ரெண்டு பேருக்குக் குடுத்திருக்கு. கைக்குழந்தையோட வந்தவங்க என்னைத் திட்டித் தீர்த்துட்டாங்க. சரி பண்ண ஒரு ஆள் கூடவா இல்ல?"

கத்தரிக்கோல் அனுப்பியிருந்தது அந்தப் பிழைக்கான திருத்தம்தான். அவள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் ஒரு விதி மிச்சமிருந்தது. அவர் இப்போது திருத்தியிருந்தது, அன்று அவளிடமிருந்து எடுத்த அதே பகுதியை. அவளே அவரை அழைத்தாள்.

"இப்பவே சேர்த்துடறேன். அந்தப் பகுதி முதல்ல யார் எழுதினதுன்னு மட்டும் ஒரு வரி போட்டுடுங்க."

"போடறேன்" என்றார்.

அவள் பெயரோடு அந்த வரி வந்தது. சேர்த்துவிட்டாள்.

"இப்ப ஆறிடுச்சா?" என்று கேட்டான் கணவன்.

"பாதி."

அடுத்த மாதம் கத்தரிக்கோல் இன்னொன்று அனுப்பினார். ஞாயிறு பிற்பகல் முழுக்க அதில் குறை தேடினாள். ஒன்றுகூட அகப்படவில்லை. எரிச்சலோடு சேர்த்தாள்.