பின்னறையில் இருந்த லூசி

டோர்வல் விமான நிலையத்துக்கு அருகே, விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் நிறுவனத்தில் நான் கணினிப் பிரிவில் இருந்த காலம். அந்தக் குளிர்காலத்தில் அலுவலக நெட்வொர்க் மிகவும் மந்தமாகிவிட்டது. பொதுப் பிரிண்டர்கள், புரோட்டோகால் எனப்படும் பழைய தொடர்பு முறைகள் பலவற்றில் ஓயாமல் தகவல் அனுப்பிக்கொண்டிருந்ததே காரணம். அந்தப் புரோட்டோகால்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைக்கப் போனேன்.

உடன் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து வதனி தடுத்தாள். "பொறுங்கோ, பின்னறையில லூசி இருக்கிறா. அவவையும் ஒருக்கா கேட்பம்."

"அவங்ககிட்ட இருக்கிற அந்தப் பழைய கம்ப்யூட்டரா? அதுல என்ன வேலை நடக்கப்போகுது?" என்றபடி கூடப் போனேன்.

லூசி பிரெஞ்சில் சொன்னதை வதனி தமிழில் சொன்னாள். "கச்சான் ஒத்துவராத ஆக்களின்ர சாப்பாட்டுக்கு லேபிள் இதிலதான் அடிக்கிறாவாம்."

கச்சான் என்றால் வேர்க்கடலை. லேபிள் இல்லாத ஒரு தட்டு நடுவானில் யார் கைக்காவது போயிருந்தால்?

லூசியின் பழைய கணினி பிரிண்டருக்கு லேபிள் அனுப்பத் தேவையான புரோட்டோகாலையும் விட்டுவைத்து, மற்றவற்றை அணைத்தேன். நெட்வொர்க் சுறுசுறுப்பானது.

"இத்தனை வருசத்தில ஆரும் தன்னட்ட வந்து கேட்டதில்லையாம்" என்றாள் வதனி. அதன்பிறகு மூவரும் அந்தப் பின்னறையில்தான் மதியம் சாப்பிட்டோம்.

வதனி இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது. இன்றும் எதையாவது அணைக்கும்முன் எழுந்துபோய் யாரிடமாவது கேட்கிறேன். அப்போதெல்லாம் அவள் பக்கத்தில் நடந்து வருவதுபோல் இருக்கும்.