ஜபருல்லாவின் மூக்கும் டிரஃபிளும்

ஜபருல்லா யாரையும் லேசில் நம்புகிறவர் இல்லை. மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினால் சாயம் தடவியிருக்கிறானோ என்று விரலால் தேய்த்துப் பார்ப்பார். எங்காவது 'இன்று மட்டும் தள்ளுபடி' என்று எழுதியிருந்தால், நேற்று ராத்திரியே விலையை ஏற்றியிருப்பான் என்பார். மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் முப்பத்தோரு வருடமாக நாசி கண்டார் என்கிற குழம்புச் சோற்றுக் கடை நடத்துகிற மனிதர். ஏமாளியாக இருந்திருந்தால் கடை எப்போதோ கைமாறியிருக்கும். அதெல்லாம் நியாயம்தான்.

ஆனால் கடையின் நிஜமான முதல் அவருடைய மூக்குதான். நோன்பு மாதத்தில் சமையல்காரர்கள் குழம்பை நாக்கில் வைத்துப் பார்க்கத் தயங்குவார்கள். கைக்கணக்கில் போட்டுவிட்டு பாரத்தை ஆண்டவன் மேல் போட்டுவிடுவார்கள். ஜபருல்லாவோ சட்டி மூடியைத் திறந்து ஆவியை ஒரே இழுப்பு இழுத்து, ஏலம் இரண்டு தட்டிப் போடு, பட்டை போதும் என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். மூக்குக்காரர் கடை என்று தூரத்துப் பாயான் பாருவிலிருந்துகூட ஆட்கள் தேடிக்கொண்டு வருவார்கள்.

போன வருடம் அந்த மூக்கு பழனியப்பனைக் குற்றவாளி ஆக்கியது. பழனியப்பன் மசாலா அரைத்துக் கொடுக்கிறவர், இருபது வருடப் பழக்கம். மல்லித்தூளில் மணமே இல்லை, உமியைக் கலக்கிறாய் என்று ஜபருல்லா சத்தம் போட்டார். அதுவும் எப்போது? வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கடை நிறைய ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடும்போது. பழனியப்பன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். மூக்குக்காரரே சொல்லிவிட்டாரே என்று இன்னும் மூன்று கடைகள் அவரிடம் வாங்குவதை நிறுத்தின. அதற்குப் பிறகு ஜபருல்லா இரண்டு மசாலாக்காரர்களை மாற்றிவிட்டார். அவர்கள் தூளிலும் மணம் இல்லை. என்ன அதிசயமோ, ஒரே ஊரில் இத்தனை திருடர்கள்!

இப்படி இருக்கையில்தான் டிரஃபிள் வந்து சேர்ந்தது.

மகள் நூர் ஃபாத்திஹா இன்ஜினியர். பதவி உயர்வு கிடைத்த சந்தோஷத்தில் அத்தாவையும் அம்மா சலேஹாவையும் ஒரு ஹலால் ரெஸ்டாரண்டுக்கு அழைத்துப் போனாள். வெயிட்டர் ஒரு குட்டித் தராசையும், துணியில் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றையும் மேசைக்குக் கொண்டுவந்தார். பார்க்க அடுப்புக்கரித் துண்டு மாதிரி இருந்தது. மண்ணுக்கு அடியில், மரத்தின் வேரை ஒட்டி விளைகிற காளான் இது, ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் வருகிறது, மணத்துக்காகவே இந்த விலை என்று மகள் விளக்கினாள். வெயிட்டர் அதை எடை போட்டார். சூடான பாஸ்தாவின் மேல் காகிதம் போலச் சீவித் தூவினார். மறுபடியும் எடை போட்டு, நாலு கிராம் என்றார். தங்கக்கடைக்காரன்கூட இவ்வளவு பவ்யமாக நிறுக்கமாட்டான், இதில் என்னமோ இருக்கிறது என்று ஜபருல்லா நினைத்தார்.

சலேஹா குனிந்து மோந்தாள். முகமே மாறிவிட்டது. மழை பெய்த மண்ணும் பூண்டும் உருக்கின நெய்யும் ஒன்றாக வருகிறது என்றாள். மகள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். ஜபருல்லாவும் குனிந்தார். தட்டின் சூடு முகத்தில் அடித்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

அவருக்குப் புரிந்துபோனது, அதாவது புரிந்துபோனதாக நினைத்தார். விலையைக் கேட்டுவிட்டு வாசனை இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று? செஃப்பைக் கூப்பிடச் சொன்னார். அந்த மலாய் இளைஞர் முழு உருண்டையையும் அவர் மூக்குக்குக் கீழே பணிவோடு நீட்டினார். ஜபருல்லா நன்றாக இழுத்தார். இது வெறும் கட்டை, ஆளை ஏமாற்றுகிற வேலை என்று பக்கத்து மேசைகளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். செஃப் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். மகள் அவரைப் பார்க்காமலே பில்லைக் கட்டினாள்.

ஆனால் அவளும் அவர் மகள்தானே. அதே செஃப்பிடம் மன்னிப்புக் கேட்டு, கோலிக்குண்டு அளவில் ஒரு டிரஃபிளை வாங்கிவந்து, ஒரு டஜன் முட்டையோடு டப்பாவில் போட்டு இரண்டு நாள் மூடி வைத்தாள். மணம் ஓடு வழியாக முட்டைக்குள் இறங்குமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் டப்பாவைத் திறந்ததும் தாயும் மகளும் ஒன்றுபோல "ஆ" என்றார்கள். ஜபருல்லாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்கள், என்னைக் கிழவனாக்கப் பார்க்கிறார்கள்! கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று எழுந்தார்.

இருவரையும் ஹாலில் உட்காரவைத்து, சலேஹாவின் கண்ணைத் துண்டால் கட்டினார். சமையலறைக் கதவைச் சாத்தினார். டப்பா முட்டையில் இரண்டு ஆம்லெட், கடை முட்டையில் மூன்று ஆம்லெட், எல்லாவற்றுக்கும் ஒரே வெண்ணெய், ஒரே உப்பு. வகைக்கு ஒன்றாக இரண்டு தட்டில் வைத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நீட்டினார். வலது கையில் இருக்கிறதுதான் டிரஃபிள் என்றாள் சலேஹா. சரிதான். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். இடது கை என்றாள். அதுவும் சரி. மூன்றாவது தடவை இரண்டு தட்டிலும் கடை முட்டையையே வைத்து எடுத்துவந்தார். இப்போது மாட்டுவாள் என்று நினைத்தார்.

சலேஹா இரண்டு பக்கமும் மோந்துவிட்டு, "ரெண்டுலயும் இல்லீங்க" என்றாள்.

மகள் கைதட்டிச் சிரித்தாள். "இதத் தேடுறதுக்கு நாயைப் பழக்குவாங்க அத்தா. நாய் மோந்து எடத்தக் காட்டும், மனுஷன் தோண்டுவான். உங்களக் கூட்டிட்டுப் போனா வெறுங்கையோடதான்லா வரணும்!" விளையாட்டாகத்தான் சொன்னாள், பாவம். அவர் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பிவிட்டார்.

கதவைச் சாத்திக்கொண்டு, அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் மேசையில் பரப்பினார். கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றினார். கைக்கு வந்த ஒன்றைத் திறந்து மூக்கருகே வைத்தார். ஏதோ லேசாக வந்த மாதிரி இருந்தது. ஏலம் என்று வாய்விட்டுச் சொன்னார். கண்ணைத் திறந்தால் பெலாச்சான். உப்பில் புளிக்கவைத்துக் காயவைத்த கூனி இறால். தெருவின் அந்த முனையில் வறுத்தால் இந்த முனையில் இருக்கிற குழந்தைகூட மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு தொற்றுக் காய்ச்சல் ஞாபகத்துக்கு வந்தது. அப்போது மணம் அடியோடு போனது. ஒரு வாரத்தில் திரும்பிவிட்டதாக வீட்டில் சொன்னார், தானும் நம்பினார். முப்பது வருடப் பழக்கம். மூடியைத் திறந்ததும் மனசே மணத்தை எடுத்து நீட்டிவிடும். மனசு நீட்டாத நாளில் மல்லியைக் குற்றம் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் கோணல் என்றது கூடத்தை அல்ல, ஒரு மனிதனை. நினைக்க நினைக்க ஜபருல்லாவுக்கு வெட்கம் தாங்கவில்லை.

சலேஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பழனியப்பனிடம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் என்றாள். மூக்கு போனது வெளியே தெரிந்தால் கடைக்கு யார் வருவார்கள்? அவள் கேட்டதிலும் தப்பில்லை.

"நாலு பேரு முன்னாடி அவர் பேரக் கெடுத்தேன் சலேஹா. காதுல போய் மன்னிப்புக் கேட்டா அது மன்னிப்பா?"

மறுநாள் பழனியப்பனின் அரவை மில்லுக்குப் போய், வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து இரண்டு நிமிடம் நிற்கும்படி கேட்டுக்கொண்டார். பழனியப்பன் இயந்திரத்தை நிறுத்தவில்லை. இன்னும் என்ன பாக்கி இருக்கிறது அவமானப்படுத்த என்று அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே கேட்டார். ஜபருல்லா திரும்பி வந்துவிட்டார். வரமாட்டார் என்றுதான் நினைத்தார்.

வந்தார். தொழுகை முடிந்து கடை நிரம்பியிருந்தது. பழனியப்பன் உள்ளே வராமல் வாசலோடு நின்றார், சண்டைக்குத் தயாரான முகத்தோடு.

ஜபருல்லா கரண்டியை வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றார். "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. போன வருஷம் இதே எடத்துல பழனி மல்லியில உமி இருக்குன்னு சொன்னேன். அது பொய். மல்லியில குத்தமில்ல. காய்ச்சல்ல என் மூக்கு போயிருச்சு. பெலாச்சானும் ஏலமும் எனக்கு இப்ப ஒண்ணுதான்." அதையே மலாயிலும் சொன்னார்.

தினமும் வருகிற ஒருவர் தன் தட்டில் இருந்த குழம்பைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஓரத்து மேசையில் இரண்டு பேர் பாதிச் சோற்றோடு எழுந்து போனார்கள். ஜபருல்லா அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

பழனியப்பன் உள்ளே வந்தார். கை கழுவினார். காலியான அந்த மேசையிலேயே உட்கார்ந்து, "சோறு போடுங்க பாய்" என்றார்.

ஜபருல்லா தானே போட்டு, குழம்பை ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். பழனியப்பன் நாலு வாய் சாப்பிட்டார்.

"எப்படி இருக்கு?"

பழனியப்பன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "பட்டை ரொம்பத் தூக்கலா இருக்கு பாய். ஏலம் தெரியவே இல்ல."

பழைய புத்தி உடனே தலையைத் தூக்கியது. ஒரு வருடமாக வயிறு எரிந்தவன், பழிவாங்கச் சொல்கிறானோ? இத்தனை பேர் முன்னால் குழம்பையும் கெடுக்கிறானோ? ஜபருல்லா சட்டிப் பக்கம் திரும்பினார். மூடி திறந்துதான் இருந்தது, ஆவி அவர் முகத்துக்கே வந்துகொண்டிருந்தது. அதை வைத்து அவரால் இனிமேல் ஒன்றும் சொல்ல முடியாது.

பழனியப்பனுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு கொறைக்கட்டும், பழனி?" என்று கேட்டார்.