ஹனிபா சேர் பெரிதாக்கிய எழுத்து

ஹனிபா சேரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. அதற்காக அவர் என்னைப் பலமுறை கேலி செய்திருக்கிறார். இம்முறையும் வரிசைதான்:

1. செய்தி வந்த காலை.
2. அவருடைய டெப்பில் நாங்கள் வாசித்த முறை.
3. அவருடைய கண்பார்வைக் குறைவும், அதனால் நான் அடைந்த பயனும்.
4. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.

சுபஹுத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ இறந்த செய்தி, ஜனாஸா அறிவித்தல், தொடங்கியது. நிந்தவூரில் ஹனிபா என்ற பெயரில் பலர் இருக்கிறார்கள். வேறு யாரோ என்று பாதிக் கவனத்தில் கேட்டேன். ‘ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்’ என்று வந்தபோது கோப்பையைக் கீழே வைத்தேன். முந்திய நாள் நாங்கள் வாசித்து நிறுத்திய பக்கம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அதற்காக வெட்கப்பட்டேன்.

ஒரே பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு, இப்பகுதி வயல் வட்டைகளில் முன்பு தண்ணீர் பங்கிட்ட முறைபற்றி நாங்கள் இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி வந்தோம். அதற்காக வாசிக்க வேண்டியவை ஏராளம். கட்டாரிலிருக்கும் மகன் அவருக்குப் பெரிய தொடுதிரை டெப் ஒன்றை அனுப்பியிருந்தார். அப்பியாசக் கொப்பியைவிடப் பெரியது, எழுதுவதற்குப் பேனையும் உண்டு. இடது பாதியில் வாசிக்கும் கட்டுரை, வலது பாதியில் எங்கள் குறிப்புகள். முதல் நாள் பக்கம் புரட்டுவதற்கு நான் விரலை நாக்கில் தொட்டுக் கண்ணாடியில் வைத்துவிட்டேன்.

“சேர், இது கொப்பி இல்ல. எச்சில் பட்டாப் பக்கம் புரளாது. நான்தான் துடைக்கணும்,” என்றார்.

அவருடைய குறிப்புகள் சிவப்பு, என்னுடையவை பச்சை. என் வசனங்களில் ‘ஒருவேளை’, ‘போலும்’, ‘எனலாம்’ என்பவை நிறைந்திருக்கும். அவற்றை அவர் சிவப்பால் வட்டமிடுவார். ஒருநாள் ஒரே பந்தியில் அத்தனை வட்டங்கள்.

“சந்தேகமெண்டா ஓரத்தில எழுதுங்க சேர், வசனத்துக்குள்ள எழுதாதீங்க. இந்தப் பந்தியில வாய்க்காலுக்குத் தண்ணி வருமா வராதா எண்டு நெல்லுக்கே தெரியாது.”

அன்று முதல் ஓரங்கள் பச்சையாகின. வசனங்கள் கொஞ்சம் நிமிர்ந்தன.

மூன்றாவது விடயம் சொல்லச் சங்கடமானது. அந்த டெப் வருவதற்கு முன்பே, போட்டோக் கொப்பிகளின் சிறிய எழுத்து எனக்கு மங்கத் தொடங்கியிருந்தது. கண்ணாடியை மாற்றியும் பயனில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வாசிக்க முடியாதவன் கட்டுரையிலிருந்து விலகத்தான் வேண்டும். வாசிப்பையும் விட்டால் எனக்கு என்ன மிஞ்சும் என்று பயந்தேன். வயல் வேலை இருக்கிறது என்று ஒரு காரணத்தை மனப்பாடம் செய்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அன்றுதான் அவர் முதன்முதலாக டெப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

“என்ட கண் இப்ப சரியில்ல சேர். எழுத்தப் பெரிசாக்கட்டா? உங்களுக்குக் கரைச்சல் இல்லையே?”

கரைச்சல் இல்லை என்றேன். இரண்டு விரல்களால் பக்கத்தை விரித்தார். ஏழெட்டு வரிகள்தான் திரையில் நின்றன. அவை எனக்கும் தெரிந்தன. மனப்பாடம் செய்த காரணத்தை நான் சொல்லவேயில்லை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் மாலை அஸர் தொழுகைக்குப் பின் அவருடைய குறைவுக்குள் ஒளிந்துகொண்டு வாசித்தேன். அந்தக் கடனுக்கு, அவருடைய கண்ணுக்காக விடாமல் அல்லாஹ்விடம் துஆக் கேட்டேன்.

இதுவரை எழுதியிருந்த நிலையில், நேற்று என் மனைவி, கணவரை இழந்து இத்தாவில் தனித்திருக்கும் ராத்தாவை, சேரின் மனைவியை, பார்க்கப் போனாள். அந்த அறைக்கு நான் போக முடியாது. திரும்பி வந்தவளிடம், சேரின் கண்ணைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

“அவருக்கு எங்க கண் குறைஞ்ச? கடைசி வரைக்கும் பேப்பரக் கண்ணாடி இல்லாமத்தான் வாசிச்சாராம். நீங்க வாற நேரந்தான் எழுத்தப் பெரிசாக்குவாராம். ‘சேருக்குக் கண் தெரியல்ல, கேட்டா இந்தப் பக்கமே வரமாட்டார்’ எண்டு ராத்தாக்கிட்டச் சொன்னாராம்.”

அவளே தொடர்ந்தாள்.

“எனக்கும் தெரியும்தான். மீன்ல முள்ளெடுத்துத் தாறது ஆரு?”

கட்டுரை இன்னும் முடியவில்லை. அதை முடிப்பேன். இனி யாருடன் வாசித்தாலும், எழுத்தைப் பெரிதாக்குங்கள், எனக்குக் கண் தெரியாது என்று நானே சொல்ல வேண்டும்.

நான்காவதாக, நான் வைத்துக்கொண்டது அவர் காட்டிய அந்த ஓரம். சந்தேகங்களை அங்கே எழுதுவேன். ஆனால் இது சந்தேகமில்லை. ஆகவே வசனத்திலேயே எழுதுகிறேன். மேலே நான் போட்ட வரிசையில் மூன்றாவது பிழை. கண் குறைந்தவன் நான்.