நிலாவுக்குப் பேர் பதியப் போனேன்

மகள் பிறந்து இன்னிக்குப் பதினெட்டாவது நாள். பேர் பதியக் கிள்ளான் டவுன்ல இருக்கிற பதிவு ஆபீசுக்குப் போனேன். நிலா. என் மனைவி மாசக்கணக்கா யோசிச்சு வச்ச பேர்.

நம்பர் எடுத்துட்டு உட்கார்ந்தேன். பக்கத்துல இருந்த மலாய்க்கார அக்கா நான் பேர் எழுதி வச்சிருந்த பாரத்தை எட்டிப் பார்த்தாங்க.

"நிலாவா? எங்க மொழியில துணிக்குப் போடுற நீலச் சாயம். சமஸ்கிருதத்துல இருந்து வந்த சொல்லு."

அவங்களுக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தையோட ஒரு இந்தோனேசியப் பெண். "எங்க ஊர்ல அது மீன். பொரிச்சா ரொம்ப ருசியா இருக்கும்."

மனசு கேக்கல. ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற மலையாளி நண்பருக்கு மெசேஜ் போட்டேன்.

"எங்க ஊர் ஆத்தோட பேராச்சே. இப்ப தண்ணி கம்மி, மணல்தான் ஜாஸ்தி"ன்னு பதில் வந்துச்சு.

எல்லாரும் பாசமாத்தான் சொன்னாங்க. யார்கிட்ட போய்ச் சண்டை போடுறது?

என் நம்பரைக் கூப்பிட்டாங்க. எழுந்தேன். கால் கவுண்டருக்குப் போகாம கார் பார்க்குக்குப் போயிடுச்சு.

"பதிஞ்சாச்சா?"ன்னு மனைவி ஃபோன் பண்ணா.

"சிஸ்டம் டவுன் ஆயிடுச்சு லா"ன்னு சொல்லிட்டேன்.

வீட்டுக்கு வந்தா, முப்பதாம் நாள் விருந்துக்கு அடிச்ச அழைப்பு அட்டை ஒரு பெட்டி நிறைய வந்திருக்கு. எல்லாத்துலயும் தங்க எழுத்துல நிலா. அவ பாட்டுக்குத் தொட்டில்ல தூங்குறா.

நாளைக்குக் காலையில முதல் ஆளா போய் நிக்கப் போறேன். உங்களுக்குத் தெரிஞ்ச மொழியில நிலாவுக்கு வேற அர்த்தம் இருந்தா தாராளமா கமெண்ட்ல சொல்லுங்க. மத்தியானத்துக்கு மேல சொல்லுங்க.