கோவிலம்பாக்கத்தில் என் இந்தோனேசிய மொழி

வேலைக்காக இந்தோனேசியா போகிறவர்கள் என்ன பேசக் கற்க வேண்டும் என்று கேட்டு எழுதுகிறார்கள். நான் அதைத் தெரிந்துகொண்டது அங்கே அல்ல, 1993 மழைக்காலத்தில் தாம்பரத்திலிருந்து கோவிலம்பாக்கம் போய்வந்த ஒரு பயணத்தில்.

இந்தோனேசியாவின் பாண்டுங்கில் ஒரு நூற்பாலையில் இரண்டு வருடம் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். ஒரு காலை, தெருமுனையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ரஹீம் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, என் தம்பி பொண்டாட்டி யாந்தி இந்தோனேசியாவுல மேடான்காரப் பொண்ணு, தமிழ் நாலு வார்த்தைதான் தெரியும். தம்பி கப்பல் வேலைக்குப் போயிட்டான், அது கோவிலம்பாக்கத்துல எங்கம்மாகூட இருக்கு. கொழந்தைக்கு நெருப்பா ஜுரம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கலாம்னா தொட வுட மாட்டேங்குது. நீங்க வந்து சொல்லுங்க."

மேடவாக்கம் வரை பஸ், ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். அங்கே இறங்கி ஆட்டோ. பல்லாவரம் போகும் சாலை அன்று குண்டும் குழியுமாக இருந்தது.

யாந்தி சுவரோரம் குழந்தையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து, "சாயா மாவ் பாவா பாயி" என்றேன். குழந்தையைக் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னதாக என் நினைப்பு. அவள் காதில் விழுந்தது, 'குழந்தையைக் கொண்டுபோகப் போகிறேன்.' சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

ஆலையில் நான் கேட்டதெல்லாம் 'மாவ்', அதாவது 'வேண்டும்', போட்டுத்தான். மேற்பார்வையாளரை யாரும் திருத்தவில்லை. ஆனால் அங்கே ஒருவர் நாற்காலியை நகர்த்தக்கூட 'போலே' என்று, செய்யலாமா என்றுதான் கேட்பார். சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தேன்.

"போலே காமி பாவா அனாக் இபு கெ டோக்தெர்? இபு இகூத், யா." உங்கள் குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோகலாமா அம்மா, நீங்களும் வாருங்கள்.

 யாந்தி எழுந்து செருப்பைத் தேடினாள்.

இந்தோனேசியா போகிறவர்கள் 'போலே'யோடு இன்னும் இரண்டு வார்த்தைகளைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு பொருளைக் கேட்க 'மிந்தா', உதவி கேட்க 'தோலோங்'. பெண்களை 'இபு', ஆண்களை 'பாபாக்' என்று சேர்த்துக் கூப்பிடுங்கள். சாப்பாட்டுக் கடையில் 'மாவ்' போதும்.

மேடவாக்கம் கிளினிக்கில் ஊசி போட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நர்ஸ் குழந்தையை எடை பார்த்ததும் யாந்தி கை நீட்டி, "கொழந்தையக் குடு" என்றாள்.

"இன்னாம்மா, மரியாதையா கேக்க மாட்டியா?" என்றார் நர்ஸ்.

உடன் வந்திருந்த ரஹீமின் அம்மாதான் பதில் சொன்னார். "அதுகிட்ட நாங்க அப்படித்தான் பேசறோம் சிஸ்டர். வேற மாதிரி அது காதால கேட்டதே இல்ல."

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். மழை பிடித்துக்கொண்டது. யாந்தி ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பையுமாகத் தடுமாறினாள்.

"பைய என்கிட்ட குடுங்கம்மா" என்றார் மாமியார்.

யாரிடம் சொல்கிறார் என்று யாந்தி திரும்பிப் பின்னால் பார்த்தாள்.