மூன்று விரலில் நின்ற எபேன்

பெனின் நகரத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் ஒமொரேகிக்கு அரண்மனையிலிருந்து பட்டம் வந்தது. தெருவே கூடி வாழ்த்தியது. அவன் மட்டும் பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தான்.

பின்னே என்ன? பட்டம் வாங்கியவன் இகுவே திருவிழாவில் எபேன் என்கிற இலைவடிவ வாளைச் சுழற்றி, மேலே எறிந்து பிடித்து, மன்னர் முன்னால் ஆட வேண்டும். வாள் மண்ணைத் தொட்டால், இவன் நெஞ்சில் மன்னருக்கு எதிராக ஏதோ இருக்கிறது என்று ஊர் பேசும். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஒமொரேகியின் வலது கையிலோ மூன்றே விரல்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு டயர் வெடித்து நடுவிலிருந்த இரண்டைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து அந்தக் கையை அங்கிக்குள் ஒளித்தே வைத்திருந்தான். யாருக்கும் கை கொடுப்பதில்லை. இடது கையை நீட்டினால் அவமதிப்பு என்று அடிதான் விழும்.

களி கிண்டும் துடுப்பை வைத்துப் பழகினான். அது எகிறி மனைவி உவைலாவின் குழம்புச் சட்டிக்குள் விழுந்தது.

“என்னய்யா, துரோகம் ராஜாவுக்கா, என் குழம்புக்கா?”

“சிரிக்காதடி. பட்டத்தைத் திருப்பிக் குடுத்துடப் போறேன்.”

“குடு. அப்படியே அந்தக் கையையும் குடுத்துட்டு வா. நாலு பிள்ளைங்களுக்குச் சோறு போட்ட கை. வருஷம் தவறாம தலைக்குத் தேங்காய் உடைக்கிறியே, கைக்குப் படைச்சு எத்தனை வருஷமாச்சு?”

அவனுக்குச் சுருக்கென்றது. அந்த ஊரில் தலையையும் கையையும் தெய்வமாகக் கும்பிடுவார்கள்; கையைக் கும்பிடும் பீடம் ஒவ்வொரு உழைப்பாளி வீட்டிலும் உண்டு. அவன் வீட்டில் அது மூட்டைகளுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தது. துடைத்து எடுத்தான். தேங்காய் உடைத்தான், கோலாக் கொட்டை வைத்தான். “கோவிச்சுக்காதே. நான்தான் உன்னைப் பார்த்து வெட்கப்பட்டேன்,” என்று தன் கையிடமே சொல்லி அழுதான்.

மறுநாளிலிருந்து இல்லாத விரல்களைத் தேடுவதை விட்டான். எபேனின் பிடி முனையில் ஒரு வளையம் உண்டு. விரல் போன இடைவெளியில் அது வாகாக உட்கார்ந்தது. பன்னிரண்டு நாள் பழகினான். அப்போதும் பத்துக்கு இரண்டு தடவை விழத்தான் செய்தது.

திருவிழா அன்று முரசு அதிர்ந்தது. ஒமொரேகி வாளைச் சுழற்றினான், எறிந்தான், பிடித்தான். இரண்டாம் முறை எறிந்தபோது வாள் கோணலாக இறங்கியது. ஐந்து விரல் இருந்திருந்தால் நடுவிரலில் பட்டுத் தெறித்திருக்கும். வளையம் அந்த இடைவெளிக்குள் சறுக்கி நின்றது.

“மன்னர் நீடு வாழ்க!” என்று ஒரு குரல் எழ, “இசே!” என்று கூட்டம் முழுவதும் ஆமோதித்து முழங்கியது.

வெளியே வந்ததும் வாழ்த்த வந்தவர்களை நோக்கி வலது கையை நீட்டினான். முண்டியடித்து முதலில் பற்றியவள் உவைலா.

“பட்டக்காரர் கைடி, பார்த்துப் பிடி,” என்றான்.

அவள் அதை முகர்ந்து பார்த்தாள். “இன்னும் என் குழம்பு வாசம் போகலையே!” என்றாள், கையை விடாமல்.